நாத்தனார் முடிச்சு

வரதராஜன்பேட்டை
11.01.2024

அன்புள்ள மலருக்கு,

லீலாவதி அண்ணி எழுதுவது. நீயும் உன் தம்பி பழனிவேலும் அவன் வீட்டாரும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம்.

கடிதத்தைப் பார்த்துச் சிரிக்காதே. போன வாரம் என் தம்பி ராஜதுரை, உன்னைக் கட்டியவன், வந்து, "இனிமே அவகிட்ட ஒரு பேச்சும் வச்சுக்காத அக்கா, கேசு நடக்குது" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர், உன் பிச்சைமுத்து அண்ணன், அன்றைக்கே என் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மச்சான் சொன்னால் அவருக்கு வேதம். தபால்காரர் மட்டும்தான் யார் கட்சியும் இல்லை. உனக்குக் கல்யாணமான புதிதில், அவன் லாரியில் வடக்கே போயிருந்தபோது, நாம் இரண்டு பேரும் ஊர்க்கதை எல்லாம் எழுதிக்கொள்வோமே, அதே வழிக்குத் திரும்பிவிட்டேன்.

பொங்கல் வருகிறது. என் பிறந்த வீட்டுச் சீரை இத்தனை வருஷமும் நீதான் தூக்கிக்கொண்டு வந்தாய். அவனுக்கு எப்போதும் ஒரு லோடு இருக்கும். நீ ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி, கரும்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்து இறங்குவாய். இந்த வருஷம் டிரைவர் ஒருவன் வந்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மலர், நீ போன ஆவணியில் பஞ்சாயத்தில் ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாயாமே? எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது?

வெறும் வயிற்றோடு வெங்காயக் காட்டுக்குப் போகாதே. பதில் போடு.

உன் அண்ணி,
லீலாவதி


செட்டிகுளம்
29.01.2024

அன்புள்ள அண்ணிக்கு,

மலர்கொடியின் வணக்கம். உங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டில் அலமாரியில் தூங்குகிறதா? அண்ணனுக்கும் உங்கள் பெண் தமிழ்மொழிக்கும் என் அன்பு. நான் நன்றாக இருக்கிறேன்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பழனிவேல் வீட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இங்கே யாரும் கண்டுபிடிக்கவில்லை. வெங்காயம் ஆய்கிற ஊரில் கண் கலங்கினால் காரணம் கேட்கமாட்டார்கள்.

பத்திரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பிள்ளையார் கோயில் வாசலில் பஞ்சாயத்து வைத்தார்கள். ஒரு துரும்பைக் கிள்ளி ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தார்கள். "அத்து வுட்டாச்சு, இனிமே அவங்கவங்க வழி" என்று பெரியவர் சொன்னார். முத்திரைத்தாளில், இனி ஒருவர் மேல் ஒருவருக்குப் பாத்தியம் இல்லை, ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்தது. பேனாவை உங்கள் தம்பிதான் நீட்டினார். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். குழந்தை பெறாதவள் எந்த முகத்தோடு கேட்பது என்று அப்போது தோன்றியது. அவர் சேர்த்துக்கொண்ட உடையார்பாளையத்துப் பெண் மாசமாக இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. குழந்தை நன்றாகப் பிறக்கட்டும் அண்ணி, அது என்ன பாவம் செய்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் இங்கே வந்தேன். இப்போது அரியலூர் கோர்ட்டிலிருந்து விவாகரத்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அறுந்ததை இன்னும் எதற்கு அறுக்கிறார்கள் என்று புரியவில்லை.

தமிழ்மொழி கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்கிறாளா? கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மலர்கொடி


வரதராஜன்பேட்டை
14.02.2024

அன்புள்ள மலருக்கு,

அண்ணி எழுதுவது. நீ நன்றாக இருப்பதாக எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை. இங்கே மற்றவர்கள் நலம், நான் கோபமாக இருக்கிறேன்.

முத்திரைத்தாளைக் கண்டால் சாமியைக் கண்டமாதிரி கையெழுத்துப் போடுகிற ஜனம் நம் ஜனம்தான். மகளிர் குழுவில் சட்ட முகாம் நடந்தது. யாரோ ஒருத்தியின் கதை மாதிரி உன் கதையைக் கேட்டேன். அந்த வக்கீலம்மா சிரித்தார். "துரும்ப கிள்ளிப் போட்டா விவாகரத்து ஆயிடாதும்மா. கோர்ட்டு தீர்ப்பு வேணும். ஜீவனாம்சம் வேணாம்னு எழுதிக் குடுத்திருந்தாலும், பொழைக்க வழியில்லன்னா கேக்குற உரிமை போயிடாது. விவாகரத்து ஆனாலும் கேக்கலாம்" என்றார். அதனால்தான் என் தம்பி கோர்ட்டுக்குப் போயிருக்கிறான். அவனுக்கு எவனோ சொல்லிக் கொடுத்துவிட்டான். உனக்குச் சொல்ல ஆள் இல்லை.

பெரம்பலூர் கோர்ட் வளாகத்திலேயே இலவச சட்ட உதவி இருக்கிறதாம். நீ குடியிருக்கிற ஊர்ப் பக்கத்திலேயே ஜீவனாம்ச மனு போடலாமாம். போ. கேட்பது கேவலம் என்று நினைக்காதே. நீ சமைத்துப் போட்டு, கணக்குப் பார்த்து, கிளீனர் பையன்களுக்குக் காய்ச்சலென்றால் கஞ்சி வைத்துக் கொடுத்து வளர்த்த லாரித் தொழில் அது.

என் தம்பிக்கு எதிராகவா சொல்கிறேன் என்று உனக்குத் தோன்றும். மணவறையில் அவன் போட்டது ஒரு முடிச்சு. மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு, நான் போட்டவை. பின்னால் நின்று போடும்போது உன் கழுத்து நடுங்கியது. "பயப்படாத, நான் இருக்கேன்" என்று உன் காதில் சொன்னேன். மேளச் சத்தத்தில் உனக்குக் கேட்டதோ என்னவோ. அவன் தன் முடிச்சை அவிழ்க்கட்டும். என்னுடையதை நான் அவிழ்க்கவில்லை.

சாப்பிடு, தூங்கு, பெரம்பலூருக்குப் பஸ் ஏறு.

லீலாவதி


செட்டிகுளம்
22.03.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். எல்லாரும் சுகம்தானே? பங்குனி உத்திரக் கூட்டத்தில் ஊரே நிரம்பி வழிகிறது. எனக்குக் கொஞ்சம் இருமல், வேறொன்றும் இல்லை.

அன்றைக்கு நீங்கள் காதில் சொன்னது கேட்டது.

பெரம்பலூருக்குப் போனேன். புவனேஸ்வரி என்று ஒரு வக்கீல் மேடம் கொடுத்திருக்கிறார்கள். என்னைவிடச் சின்னவர். எல்லாவற்றையும் இரண்டு முறை பொறுமையாகச் சொன்னார். மாதாமாதம் கேட்கலாம், விவாகரத்து முடிகிறபோது ஒரே தொகையாகவும் கேட்கலாம், என் பிறந்த வீட்டு நகை என் சீதனம், அதைத் தனியாகக் கேட்கலாம் என்றார். மனுப் போட்டாயிற்று. இரண்டு பக்கமும் சொத்து, வருமானம் எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டுமாம். என் பக்கம் எழுத அரைப் பக்கம் போதுமாக இருந்தது.

உங்கள் தம்பி எழுதிக் கொடுத்ததும் வந்துவிட்டது. சொந்தமாக வண்டி எதுவும் இல்லை, சம்பளத்துக்கு லாரி ஓட்டுகிறேன், அதில் என் சாப்பாட்டுக்கே பற்றவில்லை என்று எழுதியிருக்கிறார். லாரி முதலாளி யார் என்றும் எழுதியிருக்கிறார். மேடம் அந்தப் பெயரைக் காட்டி, "இவங்க யாருங்க?" என்றார். எனக்கு வேண்டியவர் என்று மட்டும் சொன்னேன்.

அண்ணி, அரியலூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நாம் மூன்று பேரும் போன நாள் நினைவிருக்கிறதா? அவர் பெயரிலும் மனைவி பெயரிலும் வண்டி நிற்காது, கூடப் பிறந்தவள் பெயரில் எடுத்தால்தான் நிற்கும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பழகினீர்கள். திரும்பும்போது பரோட்டாக் கடையில் அவர், "புக்குல அக்கா பேரு, நெத்தியில மலரு பேரு, எனக்கு ஸ்டியரிங் போதும்" என்று சொல்லி எல்லாருக்கும் இரண்டாவது முறை சால்னா ஊற்றினார். என் நகைகள் வண்டிக்குப் போய் வெறுங்கழுத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

சும்மா நினைவு வந்தது, எழுதினேன். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மலர்கொடி


வரதராஜன்பேட்டை
25.06.2024

அன்புள்ள மலருக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருமல் போயிற்றா? பதில் எழுத நாளாகிவிட்டது. முந்திரி வேலை, அப்புறம் வெயில், அப்புறம் என்னென்னவோ.

தமிழ்மொழிக்கு இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை கீழப்பழுவூர், மகேஷ் என்று பெயர். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். தை மாதம் கல்யாணம். மாமன் சீரைக் குறையில்லாமல் செய்வதாக ராஜதுரை சம்பந்தி வீட்டார் முன்னால் எழுந்து நின்று சொன்னான். உன் அண்ணனுக்கு ரொம்பப் பெருமை.

முந்திரி கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். உடையாத பருப்பாகப் பொறுக்கியது.

அண்ணி


செட்டிகுளம்
06.07.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முந்திரியும் நல்ல செய்தியும் சேர்ந்து வந்தன. வீட்டில் எல்லாரும் சுகம்.

நம் தமிழுக்குக் கல்யாணமா! ஆறாம் வகுப்பில் சேர என்னிடம் கொண்டுவந்து விட்டீர்களே, அன்றைக்கு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, எங்கம்மா மாதிரி தலையில குட்டுவீங்களா?" என்று கேட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அவள் போனபின் அந்த வீட்டில் டிவிச் சத்தம் மட்டும்தான் இருந்தது. அவளுடைய கிழிந்த புத்தகப்பை ஒன்று இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது. அங்கிருந்து வரும்போது எதை எடுப்பது என்று தெரியாமல் அதை எடுத்து வந்தேன்.

கேஸ் தள்ளித் தள்ளிப் போகிறது. பழனிவேலும் அவன் மனைவி சத்யப்பிரியாவும் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் இருக்கிற இரண்டு அறையில் ஒன்று எனக்கென்றால், அவர்கள் பிள்ளைகள் கூடத்தில்தான் படுக்க வேண்டும். சாப்பிடும்போது யாரும் பார்க்கவில்லை என்றாலும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளக் கை வரமாட்டேன் என்கிறது. ஜீவனாம்சம் வந்தால் பெரம்பலூரில் ஒரு அறை எடுத்துத் தையல் மிஷின் போடலாம் என்று இருக்கிறேன். வராவிட்டால் இப்படியேதான்.

உங்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை அண்ணி. தமிழுக்கு என் முத்தம்.

மலர்கொடி


வரதராஜன்பேட்டை
19.07.2024

அன்புள்ள மலருக்கு,

அண்ணி எழுதுவது. நலம் விசாரிக்கக்கூட எனக்கு இன்றைக்கு வாய் வரவில்லை.

நீ கேட்கவில்லை என்பதுதான் என்னைக் கொல்கிறது. கேட்டுத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருப்பேன். மூன்று மாதம் ஏன் எழுதவில்லை தெரியுமா? உன் மார்ச் மாதக் கடிதத்தை அரிசி டின்னுக்குள் போட்டு வைத்துவிட்டு, அரிசி எடுக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராஜதுரை வந்தான். "அக்கா, நீதான் என் சாட்சி. கோர்ட்ல கேட்டா வண்டி மூணும் ஒன்னுதுன்னு சொல்லு. புக்கு ஒன் பேர்ல இருக்கு, பொய்யில்லயே" என்றான். நான் காப்பி போட எழுந்தேன். "மாத்திச் சொன்னா, தமிழு கல்யாணத்துல மாமன்னு ஒருத்தன் வந்து நிக்கமாட்டான். சம்பந்தி வூட்டுக்காரங்களுக்கு நீயே பதில் சொல்லிக்க" என்றான். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு காப்பி குடித்தார்.

அவன் என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. அவனுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, அவனை விட்டுக்கொடுக்கவும் வரவில்லை. பெண்ணுடைய கல்யாணம் மலர். மாமன் இல்லாத மணவறையில் அவளை உட்கார வைத்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஒளிக்காமல் எழுதிவிட்டேன்.

முதல் வண்டியின் நெற்றியிலிருந்து உன் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டான். அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

லீலாவதி


செட்டிகுளம்
27.07.2024

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும். அவருக்கு என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிவிடுங்கள், எனக்கு வருத்தம் இருக்காது. உங்களைக் குறுக்கு விசாரணை செய்து உண்மையை வாங்கிவிடலாம் என்று மேடம் சொன்னார். கடுமையாக ஒன்றும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தமிழின் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். எனக்கு இரண்டு கை இருக்கிறது.

எண்ணெய் தேய்க்க மறக்காதீர்கள்.

மலர்கொடி


வரதராஜன்பேட்டை
23.09.2024

அன்புள்ள மலருக்கு,

நீ சுகமா? சாட்சி சொன்ன அன்றைக்கே நான் ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். கோர்ட் வாசலில் நீ என் பின்னால் ஓடிவந்தது தெரியும். திரும்பிப் பார்த்திருந்தால் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதிருப்பேன், அதனால்தான் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். போகும்போது காரில் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன். "லாரி என்னுது, தம்பி சம்பளத்துக்கு ஓட்றான்" என்று நாலு முறை சொல்லவைத்தான். நன்றாகத்தான் சொன்னேன். வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தான். வழுக்கையைச் சுரண்டி என்னிடம் நீட்டினான், சின்ன வயசில் செய்கிற மாதிரி. அவன் கேட்டதைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

கூண்டில் ஏறினால் எதிரே நீ. மெலிந்துபோயிருந்தாய். கழுத்தில் வேறு எதுவும் இல்லை, அந்த மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. "வண்டி யாருதும்மா?" என்று அவன் வக்கீல் கேட்டார். நாலு முறை பழகியது வாயில் வரவில்லை. "பேரு என்னுதுங்க. வண்டி என் தம்பிது. மொத வண்டி அவ நகையில வந்துச்சு, மத்த ரெண்டும் அதுல சம்பாரிச்சது. எனக்கு அதோட சாவி எங்க தொங்குதுன்னுகூடத் தெரியாதுங்க" என்றுதான் வந்தது. உங்கள் மேடத்துக்குக் கேட்க ஒன்றும் மிச்சம் இல்லாமல் போய்விட்டது, பாவம்.

வெளியே வந்ததும் அவன் என்னைத் திட்டவில்லை. கார்க் கதவைத் திறந்து என் பையை எடுத்துக் கீழே வைத்தான். "இனிமே ஒனக்குத் தம்பி இல்ல" என்றான். போய்விட்டான்.

உன் அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நேற்று, சாம்பாரில் உப்பு இல்லை என்றார். அப்படியென்றால் சமாதானம்.

தமிழ்மொழி மட்டும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அத்தை போதும்மா" என்றாள். உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடச் சொல்கிறாள். வருவாயா?

லீலாவதி


பெரம்பலூர்
20.01.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கல்யாண வேலையில் சாப்பிடாமல் கிடக்காதீர்கள். நான் சுகம். மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். மிஷின் ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்கிறேன்.

டிசம்பரில் உத்தரவு வந்தது. மாதாமாதம் அவர் தர வேண்டும், மனுப் போட்ட நாளிலிருந்து சேர்த்துத் தர வேண்டும். முதல் தவணை என் கணக்கில் ஏறிவிட்டது. நகை விஷயம் அரியலூர் கேஸோடு சேர்ந்து நடக்கிறது. அது நடக்கும்போது நடக்கட்டும்.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை அண்ணி. கோபமில்லை. நான் வந்தால் அவர் வராமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். அந்த இடத்தை அவருக்கே விட்டு வைக்கிறேன். தமிழுக்கும் மாமன் வேண்டும்.

பார்சலில் ஒரு பட்டுப் புடவை இருக்கிறது. அரக்கு நிறம், அவளுக்கு எடுக்கும். ரவிக்கை நானே தைத்தேன். யார் எடுத்தது என்று கேட்டால் மாமன் பட்டு என்று தயங்காமல் சொல்லுங்கள். முதல் தவணையில்தான் எடுத்தேன், அவர் சம்பாதித்த பணம்தான். கொஞ்சம் கோர்ட் சுற்றி வந்தது, அவ்வளவுதான்.

முகூர்த்த நேரத்தில் இங்கே விளக்கேற்றி வைப்பேன்.

உங்கள் மலர்


வரதராஜன்பேட்டை
12.02.2025

என் மலருக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. என் முழங்காலும் நானும் பிழைத்துக் கிடக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

மாமன் சீர் எங்கே என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். தட்டில் உன் புடவையை வைத்து நானே எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். "மாமன் வரல, சீரு வந்துருச்சு" என்றேன். தமிழ்மொழி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உடுத்தப் போனாள். திரும்பி வந்தபோது மண்டபமே அவளைப் பார்த்தது.

ராஜதுரை வந்தான். தாலி கட்டுகிற நேரத்துக்குக் கடைசி வரிசையில் நின்றான். மேடைக்கு வரவில்லை. யாரோ அவனிடம் போய், "மாமன் பட்டு அருமையா எடுத்திருக்கீங்க" என்றார்களாம். பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்தான். நான் போய் அவன் இலையில் பாயசம் ஊற்றினேன். அவன் நிமிர்ந்து பார்க்காமல், "யாரு எடுத்தது அக்கா?" என்று கேட்டான். "நீதான்டா எடுத்த" என்றேன். இலையை மூடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மகேஷ் ஒரு முடிச்சுப் போட்டதும் அவன் அக்கா பின்னால் வந்தாள். அவளும் சின்ன வயசுதான். போட்டோக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏனோதானோ என்று போடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"பாத்து இறுக்கிப் போடும்மா. அவன் போட்டது அவன் பாடு. இந்த ரெண்டுக்கும் நீதான் பொறுப்பு" என்றேன்.

அந்தப் பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் போட்டாள்.

அடுத்த வாரம் பெரம்பலூர் வருகிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வை.

உன் அண்ணி,
லீலாவதி